நாற்பது வீடு சொன்ன ஆழம்

“நம்ம காட்டுல எத்தனை போரு காஞ்சு போச்சுங்கப்பா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

அப்பா தோசை வட்டலில் இருந்து கையை எடுத்தார். அம்மா கரண்டி மாவோடு கல்லுக்கு மேலே அப்படியே நின்றாள். மாவு விளிம்பைத் தாண்டி அடுப்பில் ஒழுகியது.

எங்கள் பக்கத்தில் யாரையும் எதையும் கேட்கலாம். வயசைக் கேட்கலாம். சம்பளத்தைக் கேட்கலாம். மகளுக்கு ஏன் இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். விளைகிற காட்டில் தோண்டியதில் எத்தனை போர்க்குழியில் தண்ணீர் வராமல் போயிற்று என்று மட்டும் கேட்கக் கூடாது.

தண்ணீர் வந்த குழிக்கு மோட்டார் ரூம் கட்டி, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, தேதி எழுதி வைப்பார்கள். வராத குழியின் வாயில் ஒரு பலகைக்கல். அதற்கு மேலே எருக்குப்பை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காய்ந்த குழி என்றால் அந்தக் காட்டுக்கு மதிப்பு இல்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ராசி இல்லை.

ஏழு வயதில், விருந்துக்கு உறம்பரை வந்த ஒரு மாமாவிடம், “அந்தக் குப்பைக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குதுங் மாமா, கல்லுப் போட்டாச் சத்தமே வராது” என்று சொன்னேன். அவர் பஸ் ஏறியதும் அம்மா என்னை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்கு இழுத்துப் போய் அடித்தாள். கேட்கவும் கூடாது, கேட்டால் சொல்லவும் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

பதினாறு வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதுதான் அசிங்கம்.

“காலங்காத்தால என்ன பழமை பேசற?” என்றார் அப்பா.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு அக்கா ஊட்டுக்கு மறுபடியும் போரு போட ரிக் வண்டி வருதுங்கப்பா. அதுக்குள்ள எனக்குத் தெரியோணும்.”

இந்தத் தொடரின் முன்கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை.

மயிலக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது எங்களுக்குத் தெற்கே ஆறு மைலில், உடுமலைப்பேட்டை போகிற ரோட்டில். முன்னூறு தென்னை. கிணறு வற்றி இரண்டு வருஷம். மட்டைகள் காய்ந்து, செத்த பறவையின் இறக்கை மாதிரித் தொங்குகின்றன. அக்காவின் மாமனார் கந்தப்பன் மாமா, தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவர இருந்தார். வேண்டாம் என்று தடுத்தது நான்.

“தேங்காய் எல்லாம் எதுக்குங் மாமா? நான் கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்றனுங்க.”

எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பல்லடத்தில் பேக்கரிக்கு மேலே இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாரம்மா. வாய் சும்மா இருக்குமா?

ஐந்து ஊர், நாற்பது வீடு. ஒரு மாசம் சைக்கிள் மிதித்தேன். “எத்தனை அடியில தண்ணி வந்துச்சுங்க?” என்று வாசல் வாசலாகக் கேட்டேன். மோர் கொடுத்து, மோட்டார் ரூமைக் காட்டி, எல்லாரும் சொன்னார்கள். நூறு நூறாகப் பிரித்தால், முன்னூறு அடியில் நாலு வீடு. நானூறில் பத்து. ஐந்நூறில் பதினாறு. அறுநூறில் எட்டு. எழுநூறில் இரண்டு.

எக்செல்லில் ப்ராப் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. ஒரு வரிசையில் ஆழத்தைப் போட வேண்டும். பக்கத்து வரிசையில் அந்த ஆழத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று போட வேண்டும். பிறகு, எந்த ஆழத்தில் இருந்து எந்த ஆழம் வரைக்கும் என்று இரண்டு எல்லை. நடுவில் வருகிற வாய்ப்பை எல்லாம் அதுவே கூட்டிச் சொல்லும். நான் கொடுத்த எல்லை நானூறும் அறுநூறும். நானூறுக்கு முன்னாடி கிடைக்கிற தண்ணீர் சித்திரையில் நின்று விடும். அறுநூறைத் தாண்டினால் அவர்கள் வீட்டு மோட்டார் இழுக்காது.

0.85 என்று வந்தது. நூற்றுக்கு எண்பத்தைந்து.

அந்தப் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. கந்தப்பன் மாமா அதைச் சாமி ரூமில் வைத்துக் குங்குமம் வைத்தார்.

பத்து நாள் முந்தி முதல் போர் போட்டார்கள். பூசைத் தட்டோடு முன்னால் நிறுத்தியது மயிலக்காவை. அறுநூற்று எண்பது அடி போயும் புகைதான் வந்தது. வெள்ளை வெளேரென்று கல்மாவு. தலைமயிர், புருவம், கையில் இருந்த தட்டு எல்லாம் வெளுத்துப்போய் அக்கா நின்றதைப் போன வாரம் எழுதினேன். அக்காவின் மாமியார் சொன்னதை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

“கம்ப்யூட்டர்ச் சீட்டுல ஒரு குத்தமும் இல்ல. நின்ன ஆளுலதான் குத்தம்.”

என் கணக்கு எவ்வளவுக்குச் சரியோ, அவ்வளவுக்கு என் அக்கா ராசியில்லாதவள். புரிகிறதா?

கந்தப்பன் மாமா வேறு ஒரு கணக்குப் போட்டார். “நூத்துல பதினஞ்சுதான அம்மிணி பொய்யாப் போகும்னே? அந்தப் பதினஞ்சு போய்த் தொலைஞ்சுது. இனி மிச்சம் இருக்கறது பூராம் எம்பத்தஞ்சுதான்!” என்று சிரித்தார். கறவை மாடு இரண்டையும் விற்று, மறுபடி ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம். இதிலும் வரவில்லை என்றால் குற்றம் யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்கிறாள் மாமியார். துணிமணியை எடுத்து வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லியும் ஆயிற்று.

நேற்றுப் பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். என் நாற்பது வீட்டில் ஒரு வீட்டைச் சொல்லி, “அவிங்க காட்டுல மூணு காஞ்சு, நாலாவதுலதான் தண்ணி. வெளிய மூச்சு விடறதில்ல” என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

பையில் இருந்த என் பட்டியலை எடுத்துப் பிரித்தேன். அதில் எங்கள் வீடும் இருக்கிறது, அப்பா பேரில். ‘திருமூர்த்தி. ஒரு போர். நானூற்று முப்பது அடி.’ எழுதியது நான். எருக்குப்பைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஏழு வயதில் இருந்து தெரிந்தும், அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்களாவது கேட்காததைச் சொல்லவில்லை. நான் தெரிந்ததை எழுதவில்லை. பேருக்குப் பின்னால் டிகிரி போட்டுக்கொண்டு.

“ஒரு போருதான், நானூத்தி முப்பது. உனக்குத் தெரியாதா என்ன?” என்றார் அப்பா, வட்டலைப் பார்த்தபடி.

“குப்பைக்கு அடியில இருக்கறது என்னதுங்கப்பா? கல்யாண மண்டபமா?”

“வாயைப் பாரு!” அம்மா கல்லை இறக்கிக் கீழே வைத்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மூணு. போதுமா? மூணுன்னு தெரிஞ்சுக்கோ. இந்த ஊட்டு வாசலைத் தாண்டக் கூடாது.”

“அவதான் கேக்கறான்னா உனக்கு எங்க போச்சு புத்தி?” அப்பா எழுந்துவிட்டார். கையைக் கழுவவில்லை. “ஞாயித்துக்கெழமை அவனாசியில இருந்து உன்னையப் பொண்ணுப் பாக்க வாராங்க. அது ஞாபகம் இருக்கட்டும் அம்மிணி.”

காட்டுப் பக்கம் நடந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பல்லடம் பஸ்ஸைப் பிடித்தேன்.

யாகூப் பாய் கடையில் கேசிங் பைப் அடுக்குகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. இந்தச் சுற்று வட்டாரத்துக்கு ரிக் வண்டி வர வேண்டும் என்றால் பாயிடம்தான் சொல்ல வேண்டும். அவருடைய அத்தா காலத்தில் இருந்தே அப்படி. எந்த ஊரில், யார் காட்டில், எத்தனை அடி, என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்.

“வா அம்மிணி, உக்காரு. டீ சொல்லட்டா?”

“டீ வேண்டாங்க பாய். உங்க குழி நோட்டு வோணும்.”

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“டாக்டரு ஊட்டுல போய், யாருக்கு என்ன சீக்குன்னு கேட்டாச் சொல்லுவாங்களா? இருவது வருசமா இந்த நோட்டை என்ற சம்சாரம் சாஜிதாகூடப் பிரிச்சுப் பாத்ததில்ல. நாளைக்கு வெளிய தெரிஞ்சா ஒருத்தன் என்ற கடைப்படி ஏறுவானா?”

“எங்கக்காவை மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க பாய்.”

அவர் திரும்பி, பைப் அடுக்குகிறவர்களைப் பார்த்தார்.

“நான் எம்பத்தஞ்சுன்னு சொன்னப்ப நீங்கதான வண்டி அனுப்புனீங்க? இந்த நோட்டை வெச்சுக்கிட்டு, ஏம்மா, இது தப்பாச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

கோபமாகத்தான் கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று அப்போது யோசிக்கவில்லை.

பாய் மேஜை மேலே இருந்த பைப் துண்டை உருட்டினார். “உள்ளுக்குள்ள சிரிச்சேன் அம்மிணி. பொய் சொல்லல. எம்பத்தஞ்சாமான்னு சிரிச்சேன். படிச்ச புள்ள சொல்லுது, மெசினு சொல்லுது, நமக்கு எதுக்கு ஊரு வம்புன்னு இருந்துட்டேன். இப்ப உன்ற மூஞ்சியைப் பாத்தாச் சிரிப்பு வரல.”

எழுந்து போய்க் கல்லாவுக்குப் பின்னால் இருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஓரம் எல்லாம் எண்ணெய்க் கறை.

“பேரு சொல்ல மாட்டேன். நீ சொன்ன அஞ்சு ஊரு மட்டும். அடி சொல்லுவேன், வந்துச்சா காஞ்சுதா சொல்லுவேன். எழுதிக்க.”

ஒரு மணி நேரம் வாசித்தார். “ஐநூத்தி இருவது, தண்ணி. அறுநூத்திப் பத்து, காஞ்சது. அறுநூத்தி அம்பது, காஞ்சது. நானூறு, தண்ணி.” பைப் வாங்க வந்த ஆள் ஒருவரை, “செத்த நேரம் பொறுங்க, தொழுகை மாதிரி ஒரு சோலி” என்று வெளியே நிறுத்தினார்.

எண்பத்தைந்து குழி. தண்ணீர் வந்தது நாற்பது. எனக்கு மோர் கொடுத்துச் சொன்ன அதே நாற்பது. காய்ந்தது நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்து குழி என் கணக்குக்கு வெளியே கிடந்திருக்கிறது. ஒவ்வொரு குழிக்கு மேலேயும் ஒரு குப்பை. அந்தக் குப்பைகளைச் சுற்றிக்கொண்டுதான் நான் சைக்கிள் மிதித்திருக்கிறேன்.

“உங்க ஊட்டுதை மட்டும் நீ கேட்டாச் சொல்லலாம். அது உன்ற சொத்து” என்றார் பாய்.

“மூணுன்னு தெரியுங்க.”

பாய் நோட்டின் ஆரம்பத்துக்குப் புரட்டினார். முதல் சில தாள்கள் மஞ்சளாகப் போயிருந்தன. “நாலு அம்மிணி. இது எழுவத்தி நாலுல. எங்கத்தா கையெழுத்து. நூத்தித் தொண்ணூறு அடி, காஞ்சது.”

“எங்கம்மாவே மூணுதான் சொன்னாங்க.”

பாய் நோட்டை மூடினார். “அப்ப நான் ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் கேக்கல.”

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி ரங்கராஜ் சார், “என்னம்மா, பத்து மணி பேட்ச் கீபோர்டைத் தடவிட்டு உக்காந்திருக்குது” என்றார். அவர்களுக்கு டைப்பிங் கொடுத்துவிட்டு, மூலையில் இருக்கிற மெஷினில் உட்கார்ந்தேன்.

பழைய ஷீட்டைத் திறந்தேன். நாற்பதால் வகுத்த இடத்தில் எல்லாம் எண்பத்தைந்தால் வகுத்தேன். ஆழம் அப்படியே. எல்லை அப்படியே. எண்டர்.

#NUM! என்று நின்றது.

பேட்ச்சுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வாய்ப்புகளை எல்லாம் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும். வராவிட்டால் ப்ராப் பதில் சொல்லாது. நடக்கக்கூடியது ஏதோ ஒன்றை நீ என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாய் என்று அர்த்தம். கூட்டிப் பார்த்தேன். 0.47.

போன மாதம் நாற்பதால் வகுத்தபோது அழகாக ஒன்று வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று மெஷின் நம்பியது. பொய்யை முழுசாகச் சொன்னால் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. பாதி உண்மை சொன்னபோதுதான் மறித்தது.

காய்ந்த குழிகளுக்கும் ஒரு வரி போட வேண்டும். வாய்ப்பு என்ன என்று தெரியும்: எண்பத்தைந்தில் நாற்பத்தைந்து. பக்கத்தில் ஆழம் என்ன போடுவது? தண்ணீர் இல்லாத தண்ணீருக்கு என்ன ஆழம்? அறுநூற்று எண்பது அடியா? அக்கா நின்ற இடமா?

பூஜ்யம் போட்டேன், என் இரண்டு எல்லைக்கும் வெளியே. எண்டர்.

0.40.

நூற்றுக்கு நாற்பது. பூவா தலையா போட்டுப் பார்த்தால்கூட இதை விட மேல். இதை நம்பித்தான் இரண்டு கறவை மாடு சந்தைக்குப் போனது. இதற்கு நடுவில்தான் என் அக்கா கற்பூரத்தட்டோடு நிற்கிறாள். முதல் குழி காய்ந்ததில் அதிசயம் எதுவுமே இல்லை. யார் நின்றிருந்தாலும் பாதிக்கு மேல் அப்படித்தான் ஆகியிருக்கும். அவள் ராசியும் இல்லை, எவள் ராசியும் இல்லை.

பிரிண்ட் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரங்கராஜ் சார் ரிசீவரை நீட்டினார். “உங்கக்காவாமா. பால் சொசைட்டியில இருந்து.”

“புவனா, நீ வருவியல்ல?” அக்காவின் குரல் மெல்லிசாக இருந்தது. “பூசைக்கு மறுபடியும் என்னையத்தான் நிக்கச் சொல்றாங்க. இன்னொருக்கா சோதிச்சுப் பாக்கறாங்களாமா.”

“அக்கா...”

“எம்பத்தஞ்சுதான? சரியா இருக்குமல்ல கண்ணு? நீ சரின்னு சொல்லிப்போடு, நான் தகிரியமா நிக்கறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் கந்தப்பன் மாமா ரிசீவரை வாங்கிவிட்டார். “ஏனம்மிணி, நாலு மணிக்கெல்லாம் வந்துரு. இந்த வாட்டி தண்ணி பீச்சற பீச்சுல உன்னையத்தான் மொதல்ல நனைக்கறோம்! ஊரே வருதாமா, கம்ப்யூட்டர்ப் புள்ளையப் பாக்க.” பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பிரிண்ட்டர் என் முழங்கைக்குப் பக்கத்தில் அந்த நாற்பதைக் கொத்திக்கொண்டிருந்தது.

“ம்... வாரனுங் மாமா” என்றேன்.

போன் வைத்த சத்தம் கேட்டது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இதைத்தான் நாற்பது வீட்டிலும் செய்தார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே நானும் இப்போது ஒரு பலகைக்கல்லைத் தூக்கிப் போட்டேன். இது போனில் சொல்லுகிற விஷயமும் இல்லை. அந்தச் சீட்டைச் சாமி ரூமில் வைத்தது என் முகத்தைப் பார்த்து. எடுக்கவும் என் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அக்கா ஊருக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். நான் எங்கள் ஸ்டாப்பில் இறங்கினேன். அடுத்த பஸ் இரண்டே காலுக்கு. அரை மணி நேரம் இருந்தது. அந்த நாலாவது குழியை அப்பா வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

அப்பா மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பேப்பரை அவர் முன்னால் விரித்தேன்.

“எம்பத்தஞ்சு இல்லீங்கப்பா. நாப்பது. அஞ்சு மணிக்குள்ள போய்ச் சொல்லப் போறேன். எல்லாரு முன்னாலயும்.”

“என்னன்னு சொல்லுவே?”

“நான் தப்பாக் கணக்குப் போட்டேன்னு. காஞ்ச குழியை எல்லாம் விட்டுப்போட்டேன்னு.”

“எந்தக் குழியின்னு கேப்பாங்களே?”

“நம்ம ஊட்டுலயே நாலுன்னு சொல்லுவேன்.”

ரசத்தோடு வந்த அம்மா நின்றாள். “நாலா? மூணுடி. எனக்குத் தெரியாதா?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய ஒன்றும் இல்லை. வெறும் சோறு.

“ஏனுங்க, இவ என்ன சொல்றா?”

“யாகூப் சொன்னானா?” என்றார் அப்பா என்னைப் பார்த்து.

“நோட்டு சொல்லுச்சுங்க. எழுவத்தி நாலு.”

“எழுவத்தி நாலுல நான் இங்கதான இருந்தேன்” என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினாள். விரலை மடக்கி மாசம் எண்ணினாள். “இவளைப் பெறக் கொடுமுடிக்குப் போயிருந்தேனே. அப்பவுங்களா?”

அப்பா தலையை ஆட்டினார்.

“அன்னைக்கு வண்டி காட்டுல ஓடிட்டிருக்குது. நூத்தித் தொண்ணூறு அடி. புகைதான். அப்பத்தான் கொடுமுடியில இருந்து ஆளு வந்து, ரெண்டாவதும் பொண்ணுங்கன்னான்.” தண்ணீர் குடித்தார். “ரெண்டும் ஒரே நாள். வெளிய தெரிஞ்சிருந்தா உனக்கு என்ன பேரு வெச்சிருப்பாங்க? பொறந்தன்னைக்கே போரு காஞ்சவன்னு வெச்சிருப்பாங்க. வண்டிக்காரன்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டு, விடியறதுக்குள்ள மூடிப்போட்டேன். உங்கம்மாகிட்டக் கூடச் சொல்லல. தாய் மனசு, எப்பவாச்சும் கோவத்துல வாயில வந்துரும்னு.”

அம்மா ரசச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. “இருவத்தி மூணு வருசம்” என்று மட்டும் சொன்னாள்.

காலையில் இருந்து அவர் மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் தன் மானத்துக்காக மூடினார் என்று நினைத்திருந்தேன். எனக்காக மூடியிருக்கிறார். எனக்காக மூடிய குழியும் சேர்ந்துதான் என் அக்காவை இன்றைக்குத் தட்டோடு நிறுத்துகிறது.

“போ. வேண்டாங்கல” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. “அவ பாவம். போய் வண்டியை நிறுத்து. ஆனா ஒண்ணு பண்ணு கண்ணு. நம்ம நாலை விட்டுப்போடு. நாப்பத்தி ஒண்ணு காஞ்சுதுன்னு சொல்லு. யாருது என்னன்னு சொல்லாத. ஞாயித்துக்கெழமை கழியட்டும்.”

நான் அங்கேயே மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். மொத்தம் எண்பத்தொன்று. நடுவில் முப்பத்து நாலு. 0.42.

நாற்பதுக்கு நாற்பத்திரண்டு. ஒரு வித்தியாசமும் இல்லை. நாற்பத்திரண்டு என்று சொன்னாலும் கந்தப்பன் மாமாவுக்கு நெஞ்சு இடிக்கும், வண்டி திரும்பிப் போகும், அக்கா தட்டைக் கீழே வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவனாசிக்காரர்கள் வந்து பஜ்ஜி தின்பார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று இரண்டு மூன்று தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

“நம்ம நாலுதான, என்ன ஆயிரப் போகுது?” என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எண்பத்தைந்து குழி எப்படி நாற்பது குழியாக ஆனது? யாரும் பெரிதாக எதையும் மறைக்கவில்லை. ஒருவர் ஒன்றை விட்டார். ஒருவர் இரண்டை விட்டார். ஒருவர் நாலை விட்டார். நம்முடையதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒவ்வொரு வீடும் தன்னுடையதை மட்டும்தான் விட்டது.

“இல்லீங்கப்பா.”

“அம்மிணி...”

“நம்ம நாலைத்தான் மொதல்ல சொல்லப் போறேன். எந்த வருசம், எத்தனை அடின்னு சொல்லுவேன். அதைச் சொல்லாம, ஊருல எல்லாருக்கும் காஞ்சிருக்குதுன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? எங்க ஊட்டுல நாலு, உங்க ஊட்டுல எத்தனைன்னு கேக்கோணுங்க. அப்பத்தான் அக்கா மேல இருக்கற பேரு போகும்.”

“உன்ற பேரு?”

“நான் பொறந்தன்னைக்கு ஒண்ணு காஞ்சுதுன்னுஞ் சொல்லுவேன்.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் இந்தத் தொடர் முடிகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். சோற்றுக் கை வட்டலிலேயே இருந்தது.

“அவனாசிக்காரங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?” என்றாள் அம்மா தரையைப் பார்த்து. என்னைக் கேட்டாளா, அப்பாவைக் கேட்டாளா தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சோற்று வேளையில் பெற்ற தகப்பனை அழ வைத்துவிட்டுப் போகிற மகளுக்கு இருக்கிற வெட்கம். நான் செய்யப் போவது சரி என்று தெரிந்ததனால் அது ஒரு துளியும் குறையவில்லை. சரியானதைச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை.

மணி இரண்டு பத்து. பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். செருப்பை மாட்டினேன்.

படி இறங்குகிற ஆளைப் பின்னால் கூப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமே இல்லை. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள்.

அப்பா கூப்பிட்டார். இரண்டு தரம் கூப்பிட்டார்.

நான் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.